கார்பெட்டைப் பிடுங்கும் முன் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்

வாசகர் கேள்வி: நாய், சேறு, மழை எல்லாம் பட்டு என் வண்டியின் கார்பெட் நாறுகிறது. ஓட்டுநர் காலடியில் எப்போதும் ஈரம். கார்பெட்டை எடுத்து வீசிவிட்டு, சரக்கு வண்டிகளின் பின்தொட்டியில் அடிக்கிறார்களே, அந்தச் சொரசொரப்பான கறுப்புக் கோட்டிங்கை உள்ளே அடித்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். அதன்பின் ஹோஸ் பிடித்தே கழுவலாமாம், ஆயுளுக்கும் கியாரண்டியாம். செய்யலாமா? அல்லது நானே ரோலரால் அடித்துக்கொள்ளலாமா?

பதில்: செய்யலாம். ஆனால் உங்கள் கேள்வியில் என்னை உறுத்துவது நாயும் இல்லை, சேறும் இல்லை. ‘எப்போதும் ஈரம்’ என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்களே, அதுதான்.

கதவோரம் கால் படும் பிளாஸ்டிக் பட்டையைக் கழற்றி, கார்பெட்டின் ஓரத்தைத் தூக்கி, அடியில் இருக்கும் ஃபோமைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். மேலே தொட்டால் கார்பெட் காய்ந்த மாதிரிதான் இருக்கும். அழுத்திய இடத்தில் நகத்தைச் சுற்றித் தண்ணீர் ஊறி நின்றால், அந்த ஃபோம் பல வாரமாகக் குடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கோட்டிங் அடித்தால் தண்ணீர் வருவது நிற்காது. குடிக்க ஃபோம் இல்லாததால் இனி குளமாக நிற்கும், அவ்வளவுதான்.

முதலில் முகர்ந்து பாருங்கள். இனிப்பு வாடையும் பிசுபிசுப்பும் இருந்தால் அது மழைத் தண்ணீரே இல்லை. ஹீட்டருக்குள் ஓடும் கூலன்ட் கசிகிறது. ஏசி ஓடும் நாளில் மட்டும் ஈரமென்றால் பெரும்பாலும் ஏசியின் வடிகுழாய் அடைத்திருக்கும். மழையில் மட்டும் என்றால் சன்ரூஃபின் மூலைக் குழாய்கள், முன்கண்ணாடிக்குக் கீழே இலைதழை சேரும் வடிகால், கதவுக்குள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள், கண்ணாடி ஓரப் பசை என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்காரட்டும். இன்னொருவர் வெளியே மெதுவாகத் தண்ணீர் விடட்டும். கீழிருந்து மேலே போங்கள். மேலிருந்து ஆரம்பித்தால் எல்லாம் சேர்ந்து நனைந்து ஒன்றும் புரியாது. தரையில் டிஷ்யூ காகிதத்தை விரித்துவைத்தால் முதல் சொட்டு விழுந்த இடம் காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்து அந்த ஹோஸ் சமாசாரம். இதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கோட்டிங் தண்ணீரைத் தாங்கும், வண்டி தாங்காது. இருக்கைக்கு அடியில் மஞ்சள் நிறத்தில் இருப்பவை ஏர்பேக் கனெக்டர்கள். கியர் அருகே நடுமேட்டில் ஏர்பேக்கின் கட்டுப்பாட்டுப் பெட்டி. கதவோரம் நெடுக ஒயரிங் கட்டு. வண்டிக் கம்பெனிகளைச் சும்மா சொல்லக் கூடாது: சில மாடல்களில் முக்கியமான கம்ப்யூட்டர் பெட்டியைக் கொண்டுபோய்க் கார்பெட்டுக்கு அடியில், தண்ணீர் முதலில் தேங்கும் பள்ளத்திலேயே வைத்திருக்கிறார்கள். வடிகால் அடைத்து அந்தப் பெட்டி செத்தால் செலவு உங்கள் தலையில்.

‘ஜீப் ராங்ளரில் கழுவுகிறார்களே’ என்று நீங்கள் கேட்பீர்கள், எல்லோரும் கேட்கிறார்கள். உண்மைதான். அது கூரையையும் கதவையும் கழற்றி ஓட்டுவதற்கென்றே செய்த வண்டி. கார்பெட் கழற்றி எடுக்கிற மாதிரி வரும். தரையில் தண்ணீர் வெளியேற அடைப்பான் வைத்த துளைகளும் இருக்கும். அப்படிப்பட்ட வண்டியில் தரைக்குக் கோட்டிங் அடிப்பது நியாயமான யோசனை, நானே செய்யச் சொல்வேன். அதிலும்கூட நாலு குவளைத் தண்ணீர் ஊற்றித் துடைத்து அடைப்பானைத் திறந்துவிடுவது வேறு, பிரஷர் வாஷரைப் பிடித்து உள்ளே பீய்ச்சுவது வேறு. அடைப்பான்கள் மேலேயும் கோட்டிங் பூசி மூடிவிட்டால் அந்த ஒரு வசதியும் போயிற்று. கழற்றி வைத்து, துளையின் விளிம்பை டேப்பால் மறைத்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும். உங்கள் வண்டியில் அடைப்பான் இருப்பதாலேயே அதுவும் ராங்ளர் ஆகிவிடாது. பல வண்டிகளில் அந்தத் துளைகள் தொழிற்சாலையில் பெயிண்ட் தொட்டியில் முக்கி எடுக்கும்போது வடிவதற்காக வைத்தவை.

கார்பெட் போனால் என்ன போகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மேலே தெரியும் துணி வெறும் அலங்காரம். வேலை செய்வது அடியில் இருக்கும் ஃபோமும் சணல் கம்பளமும்தான். சாலை இரைச்சலையும், கீழே ஓடும் சைலன்சர் குழாயின் சூட்டையும் அவைதான் தடுத்துக்கொண்டிருந்தன. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கோட்டிங் அதில் கால்வாசி கூடச் செய்யாது. ‘பியூட்டைல் ரப்பர் ஷீட் ஒட்டித் தருகிறேன், சத்தமே வராது’ என்பார்கள். அது தகடு அதிர்வதை அடக்கும். டயர் இரைச்சலை உறிஞ்சாது.

இனி அந்த ‘ஒருவர்’. அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘இருக்கைகளைக் கழற்றுவீர்களா?’ ‘அதெல்லாம் தேவையில்லை, பேப்பர் ஒட்டி மறைத்து அடித்துவிடுவோம்’ என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். என்னிடம் ஒருமுறை இப்படிச் செய்த வண்டி வந்தது. காலடியில் கொப்புளம் மாதிரி உப்பியிருந்த இடத்தை நகத்தால் நெம்பினேன். பாம்புச் சட்டை போல உள்ளங்கை அகலத்துக்கு உரிந்து வந்தது. அடியில் பழைய கார்பெட் பசை மஞ்சளாக மினுங்கியது. துடைக்கக்கூட இல்லை.

இன்னொரு மோசடி, வண்டிக்கு வெளியே அடிவயிற்றில் அடிக்கிற தார் கலந்த ரப்பர் கோட்டிங்கை ‘எல்லாம் ஒன்றுதான்’ என்று உள்ளே அடிப்பது. ஒன்று இல்லை. வெயிலில் இளகும், செருப்பில் ஒட்டும், நாற்றம் போகவே போகாது. உங்களுக்கு வேண்டியது பாலியூரிதேன் அல்லது பாலியூரியா வகை. டப்பாவைக் கண்ணால் பார்க்காமல் சரி சொல்லாதீர்கள். தீப்பற்றும் வேகம் குறித்த தகவல் தாளையும் கேளுங்கள். புது வண்டியின் உட்புறப் பொருட்கள் நிமிடத்துக்கு 102 மில்லிமீட்டரைவிட வேகமாக எரியக் கூடாது என்று அமெரிக்காவில் 1972-லிருந்து விதி இருக்கிறது. பிற நாடுகளிலும் இதே மாதிரி விதிகள் உண்டு. ஆனால் விதி முக்கியமாகக் கட்டுப்படுத்துவது வண்டி செய்கிறவரை. பிறகு நீங்களே உள்ளே எதைப் பூசினாலும் பெரும்பாலும் ஏனென்று கேட்க நாதியில்லை.

ஆயுள் கியாரண்டியா? அந்தத் தாளில் துரு என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள். துருவினால் உரிந்தால் பொறுப்பல்ல என்று பொடி எழுத்தில் இருக்கும். தரையில் கோட்டிங் உரிவதற்குத் துருவும் ஒரு முக்கியக் காரணம்.

நீங்களே அடிப்பதென்றால் ரோலர்தான், ஸ்ப்ரே கன் வேண்டாம். இந்தக் கோட்டிங்குகளின் ஹார்டனரில், அதாவது இறுகுவதற்காகக் கலக்கும் திரவத்தில், ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது; ஹார்டனர் தனியாகக் கலக்காத ஒற்றை டப்பா வகைகள் பலவற்றிலும் உண்டு. அதைப் புகையாக்கிச் சுவாசித்தால் ஆஸ்துமா வரலாம்; ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போய்விட்டால் பிறகு சிறிதளவு பட்டாலும் மூச்சு இழுக்கும். துணி மாஸ்க் எதற்கும் உதவாது. ஸ்ப்ரே அடிக்கிறவர்கள் வெளியிலிருந்து குழாய் வழியே காற்று வரும் முகமூடி போட வேண்டும். கடைகளில் எத்தனை பையன்கள் அதைப் போட்டுக்கொண்டு அடிக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். ரோலர் என்றாலும் கதவெல்லாம் திறந்து, வண்டியை வெளியே நிறுத்தி, கையுறையும் ரசாயன ஆவியைப் பிடிக்கும் வடிகட்டி வைத்த முகமூடியும் போட்டுக்கொண்டுதான்.

பேட்டரியைக் கழற்றி, கையேட்டில் சொன்ன நேரம் காத்திருந்து, பிறகு இருக்கைகளை எடுங்கள். கனெக்டர்கள் கழன்றிருக்கும்போது சாவியைத் திருப்பாதீர்கள். ஏர்பேக் விளக்கு எரிந்து, ஸ்கேனர் வைத்து அணைக்க வேண்டி வரும். ஆரஞ்சு நிற ஒயர் கண்ணில் பட்டால் அன்றைக்கு வேலையை நிறுத்துங்கள், அது உயர் மின்னழுத்தம். பசையைச் சுத்தமாக எடுத்து, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, அதன்பிறகே தேய்க்க வேண்டும். கம்பெனி பெயிண்ட் நன்றாக இருக்கும் இடத்தில் பளபளப்பு மங்கும் வரை தேய்த்தால் போதும். வீராவேசமாக வெறும் தகடு வரை சுரண்டாதீர்கள். துருவைத் தடுப்பதில் அந்தப் பெயிண்டை மிஞ்ச நம் கையில் ஒன்றும் இல்லை. துரு இருக்கும் இடத்தை மட்டும் தகடு வரை எடுத்து எபாக்சி பிரைமர் அடியுங்கள்.

இருக்கைக் கால்களும் சீட் பெல்ட் போல்ட்டும் உட்காரும் இடங்கள், எர்த் ஒயர் போல்ட்டுகள் எல்லாவற்றையும் டேப்பால் மறைக்க வேண்டும். இருக்கைக்கும் தகட்டுக்கும் நடுவே கோட்டிங் சிக்கினால் நாளடைவில் அமுங்கி போல்ட் தளரும். திரும்பப் பூட்டும்போது கையேட்டில் உள்ள அளவுக்கு, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால் முறுக்குங்கள்.

என்னைக் கேட்டால், தகட்டுக்கு மட்டும் ஒரு கை கோட்டிங் அடித்துவிட்டு, அதன்மேல் வண்டித் தரையின் வடிவத்துக்கே வார்த்த வினைல் விரிப்பைப் புது ஃபோமோடு, ஒட்டாமல் போடுவேன். பல கம்பெனிகள் விலை குறைந்த சரக்கு மாடலில் இதைத்தான் போட்டு அனுப்புகின்றன. கூடுதல் விலை கொடுக்கிறவருக்கு மட்டும் கார்பெட்டைக் கட்டாயமாகத் தலையில் கட்டுவார்கள். சேற்றை ஈரத்துணியால் துடைக்கலாம். ஈரம் சந்தேகம் வந்தால் ஓரத்தைத் தூக்கிப் பார்க்கலாம்.

கோட்டிங் சில மணி நேரத்தில் தொட ஒட்டாது. முழுதாக இறுக ஒரு வாரம் பிடிக்கும். அதுவரை இருக்கையை ஏற்றாதீர்கள், நாயையும் ஏற்றாதீர்கள்.