நூலால் அளந்த கை

கேள்வி: எனக்கு வயது 47. பாம்பன் பக்கம் கடலோர ஊர். கணவர் நாட்டுப்படகு வைத்திருக்கிறார். நான்கு வருடத்துக்கு முன் இடது மார்பில் புற்றுநோய் என்று மதுரையில் ஆபரேஷன் செய்து மார்பையும் அக்குள் நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். கீமோ கொடுத்து, கரண்ட் (கதிர்வீச்சு) வைத்து எல்லாம் முடிந்தது. இப்போது மாத்திரை மட்டும். என்னைப் போலக் குணமான பெண்கள் சேர்ந்து, பக்கத்து ஊரான மண்டபத்தில் டிராகன் படகு (பலர் சேர்ந்து துடுப்புப் போடும் நீளமான பந்தயப் படகு) ஓட்டிப் பழகுகிறார்கள். அடுத்த வருடம் வெளிநாட்டில் நடக்கும் சர்வதேசப் போட்டிக்கு என் பெயரையும் எழுதிவிட்டார்கள். "கை வீங்கிப்போனால் யார் பார்ப்பது? பொம்பளை துடுப்புப் போடுவதை ஊர் வேடிக்கை பார்க்கணுமா?" என்கிறார் கணவர். எனக்கும் வீக்கத்தை நினைத்துப் பயம்தான். வாரம் ஒருமுறை குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வலை பின்னும் நைலான் நூலைக் கையில் சுற்றி அளந்து முடிச்சுப் போட்டு வைக்கிறேன். மகளுக்கு விஷயம் தெரியாது. அப்போது கோவையில் ஹாஸ்டலில் இருந்தாள். கர்ப்பப்பை ஆபரேஷன் என்று சொன்னோம், தலைமுடி போனதை வேளாங்கண்ணி மொட்டை என்றோம். இப்போது 23 வயது, வரன் பார்க்கிறோம். எங்கள் சின்னம்மாவும் இதே நோயில்தான் போனார். போட்டிக்குப் போகலாமா? போட்டோவில் முகம் தெரியாத இடமாகக் கேட்டு உட்காரலாமா?

வாசகி, ராமநாதபுரம் மாவட்டம்

பதில்: சகோதரி, படகைப் பிறகு பார்ப்போம். முதலில் அந்த நைலான் நூல்.

வலை நூல் இழுத்தால் நீளும். ஈரம் பட்டால் இன்னும் கொஞ்சம் கொடுக்கும். ஒற்றைக் கையால் மறு கையைச் சுற்றும்போது ஒரு வாரம் இறுகும், ஒரு வாரம் தளரும். முழங்கைக்கு இரண்டு விரல் மேலே சுற்றினீர்களா, மூன்று விரல் மேலேயா என்பது அடுத்த வாரம் உங்களுக்கே நினைவிருக்காது. முடிச்சு கால் அங்குலம் தள்ளி விழுந்தால் அது வீக்கமா, நூல் செய்த வேலையா என்று எப்படித் தெரியும்? தெரியாமல் அந்த ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடந்திருப்பீர்கள்.

கையை ஒழுங்காக அளக்க தையல்காரர் வைத்திருக்கும் டேப் ஒன்று வேண்டும். கூடவே இன்னொரு ஆளின் இரண்டு கைகள் வேண்டும். காலையில் வேலை தொடங்குமுன் உட்கார்ந்து, உள்ளங்கை மேலே பார்க்க, கையை மேஜை மேல் தளர்வாக நீட்டுங்கள். மணிக்கட்டு எலும்பில் ஒரு புள்ளி, அங்கிருந்து மேலே 10, 20, 30, 40 சென்டிமீட்டர் தூரத்தில் ஒவ்வொரு புள்ளி என்று பேனாவால் வைத்து, ஒவ்வொரு புள்ளியிலும் டேப் தோலைத் தொடும் அளவுக்குச் சுற்ற வேண்டும், தோல் பிதுங்கக் கூடாது. உள்ளங்கையையும் சுற்றி ஓர் அளவு. இரண்டு கைக்கும் எடுத்துத் தேதி போட்டு எழுத வேண்டும். வலது கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு வலது கை இயல்பாகவே சற்றுத் தடிமன். அதனால் படகில் ஏறுவதற்கு முன் எடுத்த முதல் அளவு கையில் இல்லாவிட்டால் பின்னால் எடுப்பதெல்லாம் வீண். அந்த முதல் அளவைவிட இடது கை ஏதாவது ஒரு புள்ளியில் 2 சென்டிமீட்டர் ஏறினால் டாக்டரிடம் போக வேண்டும். அவ்வளவு ஏறுவதற்கு முன்பே கை கனக்கும், வளையல் இறுகும். அதையும் எழுதுங்கள்.

இதற்கு வேண்டிய அந்த இன்னொரு ஆள், நீங்கள் தாழ்ப்பாள் போட்ட கதவுக்கு வெளியேதான் இருக்கிறாள்.

இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. ஊர் வேறாக இருக்கும், கதை ஒன்றுதான்: மகளுக்காக மறைத்தோம். மகளுக்காக என்று சொல்லாதீர்கள். கீமோவில் வாந்தியெடுக்கும் தாய்க்குக் கஞ்சி வடித்துக் கொடுப்பது பெற்ற பிள்ளையின் கடமை. அதை அவளைக் கேட்காமலே அவளிடமிருந்து எடுத்துவிட்டீர்கள். மாதாவின் பெயரில் ஒரு பொய்யும் சொல்லியிருக்கிறீர்கள். இது போதாதென்று, நீங்கள் ஒற்றை வரியில் சொல்லிவிட்டுப் போன சின்னம்மா விஷயம் இருக்கிறதே, அதுதான் என்னைக் கோபப்படுத்துகிறது.

உங்களுக்கு நோய் வந்தது 43 வயதில். அம்மாவின் தங்கைக்கும் வந்திருக்கிறது. மார்பகப் புற்றுநோயில் பெரும்பாலானவை பரம்பரையாக வருபவை அல்ல. நூற்றில் ஐந்து முதல் பத்து வரைதான் அப்படி. ஆனால் 50 வயதுக்குள் வந்திருந்து, நெருங்கிய ரத்த உறவிலும் ஒருவருக்கு இருந்தால், பிஆர்சிஏ-1, பிஆர்சிஏ-2 மரபணுக்களைப் பரிசோதிப்பது பற்றி டாக்டரிடம் பேசியே ஆக வேண்டும். பரிசோதனையை நோய் வந்தவரிடம் முதலில் செய்ய வேண்டும், அதாவது உங்களிடம். உங்களிடம் அந்த மரபணுக்களில் கோளாறு இருந்தால் மகளுக்கு வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. உங்களிடம் இல்லை என்று முடிவு வந்தாலும் அவளுடைய மார்பகப் பரிசோதனையைத் தள்ளிப்போட முடியாது. தாய்க்கு நோய் கண்ட வயதில் பத்தைக் கழித்து அந்த வயதில் தொடங்குவது வழக்கம். உங்கள் கணக்குப்படி 33. கோளாறு இருப்பது உறுதியானால் அதற்கும் முன்பே.

நாளைக்கு அவள் ஏதோ ஒரு கட்டி என்று டாக்டரிடம் போவாள். "குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா?" என்று கேட்பார். "இல்லை டாக்டர்" என்று அவள் மனசறிந்து சொல்வாள். அந்த "இல்லை" என்ற வார்த்தையை அவள் வாயில் வைத்தது நீங்களும் உங்கள் கணவரும்.

வரன் போய்விடும் என்பீர்கள். நிச்சயத்துக்கு முன்பே மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள், ஆனால் மகளுக்குச் சொன்ன பிறகு. அவர்களிடம் எவ்வளவு சொல்வது என்பதை அவள் முடிவு செய்யட்டும். கேட்டுவிட்டு எழுந்து போகிறவர்கள் போகட்டும். மாமியார் நோயாளி என்று ஓடுகிறவன், நாளை மனைவி படுத்தால் எங்கே நிற்பான்? மறைத்துக் கட்டிக்கொடுத்தால் அந்தப் பொய்யை வாழ்நாள் முழுக்கச் சுமக்கப் போவது உங்கள் மகள்.

சரி, இனி படகு.

கணவர் சொல்லும் பயம் பழைய பயம். நிணநீரை வடிக்கும் அக்குள் கணுக்களை (நீங்கள் சொல்லும் நெறிக்கட்டிகளை) எடுத்த கையால் கனம் தூக்கவே கூடாது, திரும்பத் திரும்ப இழுக்கும் வேலை கூடாது என்று டாக்டர்களே சொன்ன காலம் ஒன்று உண்டு. 1996-ல் கனடாவின் வான்கூவரில் டான் மெக்கென்சி என்ற விளையாட்டு மருத்துவர், மார்பகப் புற்றுநோய் கண்ட 24 பெண்களை முதலில் உடற்பயிற்சியில் பழக்கி, பிறகு டிராகன் படகில் ஏற்றினார். புதிதாக ஒருவருக்கும் கை வீங்கவில்லை. 2009-ல் அமெரிக்காவில் கேத்ரின் ஷ்மிட்ஸ் குழுவினர், ஏற்கனவே கை வீங்கிய 141 பெண்களை வைத்து எடை தூக்கும் பயிற்சியைச் சோதித்தார்கள். மெதுவாக எடை ஏற்றியவர்களுக்கு வீக்கம் கூடவில்லை. தொந்தரவு திரும்பத் திரும்ப வருவதும் குறைந்தது. மெக்கென்சியின் படகிலிருந்து கிளம்பியதுதான் இன்று பல நாடுகளில் இருக்கும் இந்தக் குழுக்கள். அவர்களுடைய சர்வதேச விழா 2018-ல் இத்தாலியின் ஃபிளாரன்ஸிலும், 2023-ல் நியூசிலாந்தின் கரபிரோ ஏரியிலும் நடந்தது.

ஆனாலும் வீக்கம் வராது என்று உங்களுக்கு நான் எழுதித் தர மாட்டேன். அக்குள் கணுக்களை முழுதாக எடுத்தவர்களில் ஐந்தில் ஒருவருக்காவது வருகிறது, துடுப்புப் போட்டாலும் போடாவிட்டாலும். "மெதுவாக" என்ற வார்த்தையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கெடுவதெல்லாம் அவசரத்தில்தான். பெயர் கொடுத்த உற்சாகத்தில் முதல் வாரமே ஒரு மணி நேரம் துடுப்புப் போட்டுவிட்டு, மறுநாள் கை கனத்ததும் விட்டுவிடுகிறார்கள்.

ஆபரேஷன் செய்தவரிடமும் கீமோ கொடுத்தவரிடமும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். சில கீமோ மருந்துகள் இதயத்தைத் தளர்த்தும், அதனால் எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். மூன்று மாதம் கரையிலேயே பயிற்சி. வாரம் இரண்டு நாள், நடுவில் இரண்டு நாளாவது இடைவெளி. அரைக் கிலோவில் ஆரம்பியுங்கள், அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் போதும். இரண்டு முறை செய்தும் கனமோ வலியோ இல்லை என்றால் மட்டும் அடுத்த சிறு எடை. ஒரு வாரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய எடைக்கு வராதீர்கள், ஒரு படி இறங்கித் தொடங்குங்கள்.

படகில் 20 பேர் இரண்டிரண்டாக உட்காருவார்கள், சிறிய படகென்றால் 10 பேர். முன்னால் பறை அடிப்பவர், பின்னால் நின்றுகொண்டு நீளத் துடுப்பால் திசை பார்ப்பவர். உங்களைப் போன்ற கடற்கரைக்காரர்களுக்குத் தொல்லை வருவது இங்கேதான். வத்தையில் (சிறு படகில்) தனியாகப் போகிறவர் துடுப்பை முதுகுக்குப் பின்னால் வரை இழுத்துத் தள்ளுவார். படகைத் திருப்ப அது தேவை. டிராகன் படகில் அந்தப் பழக்கம் தோளைக் கெடுக்கும். இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்பி முன்னால் எட்டி, துடுப்பின் தட்டையான முனை, அதாவது தட்டு, முழுதாகத் தண்ணீரில் புதைந்த பிறகே இழுக்க வேண்டும். இடுப்பு எலும்பு வந்ததும் வெளியே எடுத்துவிட வேண்டும். இடுப்பைத் தாண்டினால் தட்டு தண்ணீரை மேலே வாரும், படகு வேகம் இழக்கும், தோள் முறுகும். இழுப்பது முதுகும் காலும்தான், கை வெறும் கொக்கி. பயிற்சி முடிந்து முன்கை வலித்தால் கையால் இழுத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

இடது கையைக் காதோரம் வலியில்லாமல் தூக்க முடிகிறதா, பாருங்கள். கரண்ட் வைத்த தோள் இறுகியிருக்கும். முடியாவிட்டால் படகின் இடது பக்கம் உட்காருங்கள், அப்போது இடது கை துடுப்பின் கீழ்ப்பிடியில் தாழ இருக்கும். தோள் இளகியதும் பக்கம் மாறிப் பழகுங்கள். முதல் மாதம் 5 நிமிடம் துடுப்பு, 2 நிமிடம் ஓய்வு, மொத்தம் 20 நிமிடம் போதும்.

கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் வடகடல், அதாவது பாக் நீரிணை, கரையோரம் அடங்கியிருக்கும், அப்போது அங்கே பழகுங்கள். வாடை (வடகிழக்குக் காற்று) தொடங்கிவிட்டால் வடகடலில் ஏறாதீர்கள், தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் மாறுங்கள். காற்று எழுமுன் விடியற்காலையில் முடித்துவிடுவது நல்லது. சேலை வேண்டாம், படகு கவிழ்ந்தால் காலைச் சுற்றிக்கொள்ளும். லைஃப் ஜாக்கெட் மார்பு இல்லாத பக்கம் மேலே ஏறித் தழும்பை அறுக்கும், இடுப்பு வாரை முதலில் இறுக்குங்கள்.

எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது புண்ணுக்குத்தான். மீன் முள், கொட்டலசு (பாறையிலும் படகடியிலும் ஒட்டும் கூரான ஓடு) கீறல், துடுப்புக் கொப்புளம் என்று மற்றவர்கள் துடைத்துவிட்டுப் போவது, கணு இல்லாத கையில் ஒரே ராத்திரியில் சிவந்து ஏறும். கீமோவில் விரல் மரத்துப்போயிருந்தால் கொப்புளம் வந்ததே தெரியாது, கண்ணால் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி மருந்து தடவுங்கள். கை சிவந்து, சூடாகி, காய்ச்சல் அடித்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி, விடியட்டும் என்று இருக்காதீர்கள். கம்ப்ரஷன் ஸ்லீவ் (கையை இறுக்கிப் பிடிக்கும் உறை) தேவையா என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லட்டும். போடுவதென்றால் இரண்டு வாங்கி மாற்றி மாற்றிப் போடுங்கள். உப்புக் காய்ந்த ஸ்லீவ் தோலை உரசும். ஆறு மாதத்தில் இழுவை போய்விடும், மாற்ற வேண்டும்.

சாப்பிடும் மாத்திரை டமாக்சிஃபென் என்றால், நீண்ட விமானப் பயணத்தில் காலில் ரத்தம் உறையும் அபாயம் கூடும். டாக்டரிடம் முன்பே சொல்லுங்கள். தண்ணீர் குடித்து, அவ்வப்போது எழுந்து நடங்கள்.

உங்கள் கணவர் நாளெல்லாம் துடுப்போடும் தண்டோடும் இருப்பவர். ஊர் வேடிக்கை பார்க்கும் என்பதற்கு நான் பதில் எழுத மாட்டேன். யார் பார்ப்பது என்று கேட்டாரே, அதற்குப் பதில் உண்டு: அவர்தான். அக்னி சாட்சியோ ஆண்டவர் சாட்சியோ, அதற்குத்தானே கைபிடித்தார்.

முகம் தெரியாத இடம் டிராகன் படகில் கிடையாது. பறை அடிப்பவர் உங்கள் எல்லோர் முகத்தையும் பார்த்துத்தான் உட்காருவார். எடை, உயரம், தாளம் பார்த்துப் பயிற்சியாளர் இடம் கொடுப்பார். முதல் வரிசை கொடுத்தால் மறுக்காதீர்கள், தாளம் தவறாதவர்களுக்குத்தான் அது. விழாக்களில் பந்தயம் முடிந்ததும் படகுகளை ஒன்றோடொன்று பிடித்து நிறுத்தி, போனவர்களை நினைத்து இளஞ்சிவப்புப் பூவைத் தண்ணீரில் விடுவார்கள். சின்னம்மாவுக்கு ஒரு பூ விட வேண்டாமா? அந்தப் படத்தை உங்கள் மகள் யாரோ ஒருவரின் செல்போனில் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது.

அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை, சமையல் முடிந்து வீடு அமைதியான பிறகு சொல்லுங்கள். உங்கள் கணவரும் பக்கத்தில் உட்காரட்டும். நோயின் பெயரைச் சொல்லிச் சொல்லுங்கள். அழுவாள், கோபப்படுவாள், இரண்டு நாள் பேசாமல்கூட இருப்பாள். இருக்கட்டும். பிறகு டேப்பையும் ஒரு நாற்பது பக்க நோட்டையும் அவள் கையில் கொடுங்கள். முதல் புள்ளி மணிக்கட்டில்.