களப்போரக் காணியும் கண்டல் நடுகையும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: களப்பை அண்டி ஆறு பரப்பு (ஒரு பரப்பு பத்துப் பேர்ச்) காணி வாங்கினோம். பின்பக்கம் தாழ்வு, மாரியில் தண்ணீர் நிற்கும். கிரவல் போட்டு உயர்த்தி வீடு கட்ட யோசனை. பிரதேச சபையின் கட்டட அனுமதி போதுமா? – வாசகர், அல்லைப்பிட்டி

பதில்: போதாது. இலங்கையின் 1981ஆம் ஆண்டு 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி, சராசரி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து (பெருக்கு நீர் சராசரியாக ஏறும் எல்லை) தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். கடலோடு தொடுத்த களப்புகளும் அதற்குள் வரும். 2011ஆம் ஆண்டுத் திருத்தம், களப்பு விளிம்பில் சராசரிக் கடல்மட்டத்திலிருந்து உள்நோக்கி 100 மீற்றரையும் சேர்த்துக்கொண்டது. இந்த வலயத்துக்குள் கட்டுவது மட்டுமல்ல, நிலம் நிரப்புவதும் அனுமதி பெறவேண்டிய வேலைதான். முதல் லோட் கிரவல் இறங்க முன்னரே கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் கையில் இருக்க வேண்டும். அனுமதியின்றிக் கட்டியதை இடித்து அகற்றச் சட்டத்தில் இடமுண்டு.

முதல் வேலையாக, உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கொண்டு உயரங்கள் குறித்த படம் எடுங்கள். காணி உறுதியில் "தெற்கு: கடல்" என்று எழுதியிருப்பதை வைத்து அளக்க வேண்டாம். ஆடி, ஆவணியில் வற்றிக் கிடக்கும் விளிம்பைக் கரையாகக் காட்டிய படங்கள், மாரியில் அதிகாரிகள் வந்து பார்க்கும்போது பொய்த்துவிடுகின்றன. பிறகு திரும்ப அளக்க வேண்டும், காசும் மாதங்களும் வீண். அந்தப் படம், உறுதிப் பிரதி, கட்டட வரைபடம், கழிவுக்குழி அமையும் இடம் ஆகியவற்றோடு பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். விண்ணப்பம் எங்கே போகவேண்டும் என்று அங்கே சொல்வார்கள். தாழ்வு நிலம் பதிவில் வயலாக இருந்தால் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி தனி அனுமதியும் வேண்டும். நிரப்பும் ஈரநிலம் 4 ஹெக்டேயரைத் தாண்டினால், நம்முடைய கணக்கில் ஏறத்தாழ 158 பரப்பு, சுற்றாடல் மதிப்பீட்டு நடைமுறைக்குள் போகவேண்டும். உங்கள் ஆறு பரப்பு அந்த அளவுக்கு வராது.

எங்கள் ஆலோசனையைக் கேட்டால், தாழ்வை நிரப்பவே வேண்டாம். மாரி வெள்ளம் வந்து தங்கி, மெல்ல ஊறி இறங்கும் இடம் அது. தீவுக் கிணறுகளில் நன்னீர் என்பது உவர்நீரின் மேல் மிதக்கும் மெல்லிய படை. அதற்கு ஊறும் மழையை மறித்தால் உங்கள் கிணறும் அயலவர் கிணறும் உவராகும். நிரப்பிய இடத்தில் நிற்காத வெள்ளம் பக்கத்துக் காணிக்குப் போகும். வீட்டை மேட்டுப் பக்கம் தள்ளுங்கள். முடியாவிட்டால் தூண்களில் உயர்த்துங்கள். சுண்ணக்கல் வெடிப்புகளால் கழிவு கிணற்றுக்கு ஓடிவிடும் என்பதால் மலக்குழியை அடியும் பூசி மூடியதாகக் கட்டுங்கள்.

கேள்வி: எங்கள் சனசமூக நிலையம் சென்ற மார்கழியில் வீதியோரச் சேற்றுவெளியில் 2,000 கண்டல் கன்றுகளை வரிசையாக நட்டது. ஆவணிக்குள் முக்கால்வாசி பட்டுவிட்டது. தண்டுகளில் வெள்ளை ஓடுகள் ஒட்டியிருந்தன. வீதியின் மறுபக்கம் கண்ணா என்ற கண்டல் இனம் தானாகவே செழித்து நிற்கிறது. திரும்ப நடலாமா? – வாசகர், வேலணை

பதில்: இப்போதைக்கு நடவேண்டாம். இந்த இழப்பு உங்கள் ஊருக்கு மட்டும் உரியதல்ல. இலங்கையில் கண்டல் நட்ட 23 இடங்களை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வில், ஒன்பது இடங்களில் ஒரு கன்றும் தப்பியிருக்கவில்லை. பாதிக்கு மேல் பிழைத்தவை மூன்று இடங்கள்தான். பொருந்தாத இடம், பொருந்தாத இனம், நட்டபின் பராமரிப்பின்மை, இவைதான் பெரும்பாலும் காரணம்.

உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. தண்டில் ஒட்டிய வெள்ளை ஓடு, வள்ளத்தின் அடியில் பிடிக்கும் கொட்டலசு. அது தண்டில் ஏறியிருந்தால் கன்று நாளில் பெரும்பகுதி நீரில் மூழ்கி நின்றது என்று பொருள். மறுபக்கம் கண்ணா நிற்பதால் விதைக்குக் குறையில்லை. குறை நீரோட்டத்தில். வீதி மதகின் அடித்தளம் சேற்றுவெளியை விட உயரமாக இருக்கும் என்று நினைக்கிறோம். பெருக்கில் உள்ளே வந்த நீர் வற்றில் வெளியேற வழியில்லாமல் தேங்குகிறது. சோழகம் என்ற தென்மேல் காற்று வீசும் மாதங்களில் அதே நீர் காய்ந்து, கடல்நீரை விட உவர் ஏறிவிடுகிறது. மாரியில் மூழ்கி, கோடையில் உப்பில் எரிந்து, இரண்டு முறை அடிபட்ட கன்றுகள் அவை.

சரிபார்க்க அதிகச் செலவில்லை. மறுபக்கக் கண்ணா மரங்களின் அடியில் ஐந்து முளை (அடித்து நாட்டும் குச்சி), உங்கள் வெளியில் பத்து மீற்றருக்கு ஒன்றாக முளை, மதகின் அடியில் ஒரு குறி. மேசன்மார் பாவிக்கும் நீர்மட்டக் குழாயால் எல்லா உயரங்களையும் ஒப்பிடுங்கள். பூரணையிலிருந்து அமாவாசை வரை பதினைந்து நாள் காலையும் மாலையும் முளையில் நீர் எங்கே நிற்கிறது என்று எழுதுங்கள். நம் களப்பில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆகவே ஒரு சாண் உயரப் பிழையே கன்றைக் கொல்லும். பொதுவாகக் கண்டற் காடு, மொத்த நேரத்தில் மூன்றிலொரு பங்குக்குக் குறைவாகவே நீரில் மூழ்கும் மட்டத்தில் வளரும். உவர்ப்பை ஆவணியில், வேர் மட்டத்தில் சிறு குழி தோண்டி ஊறும் நீரில் அளவிடுங்கள். மேல்நீரை அளந்தால் ஏமாறுவீர்கள்.

மதகுதான் தடை என்று தெரிந்தால் அதைத் தாழ்த்திப் பதிக்க வீதிக்குப் பொறுப்பான திணைக்களத்திடம் அளவுகளோடு கேளுங்கள். மரம் நடுவதைக் கரையோரச் சட்டம் அபிவிருத்தி வேலையாகக் கொள்வதில்லை. வாய்க்கால் வெட்டுவதும் மண் அள்ளுவதும் அப்படியல்ல, அவற்றுக்கு அனுமதி வேண்டும். நீர் வந்துபோகத் தொடங்கிய பின் இரண்டு மாரி பொறுங்கள். கண்ணா விதை மிதந்து வந்து தானாகவே முளைக்கும். வெறுமையாக நிற்கும் இடத்தில் மட்டும் ஒன்றரை மீற்றர் இடைவெளியில் நடுங்கள், அதுவும் கண்ணாவையே. நெடுங்கண்டல் என்ற மற்ற இனத்தை ஓடை விளிம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று ஆண்டும் மாடு, ஆடு வராமல் வேலி வேண்டும். கன்றில் சுற்றும் பாசியையும் பொலித்தீனையும் மாதம் ஒருமுறை கையால் எடுக்க வேண்டும். அடுத்த திட்டத்துக்குக் காசு தருபவர் "எத்தனை கன்று நட்டீர்கள்" என்று கேட்டால், மூன்றாம் ஆண்டில் எத்தனை நிற்கிறது என்ற கணக்கைத்தான் தருவோம் என்று எழுத்தில் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் பகுதியில் வரவிருக்கும் திட்டம் ஒன்றின் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை பார்வைக்கு வந்துள்ளது. பெரிய புத்தகம். அதில் எதை எதைத் தேடிப் பார்ப்பது? – வாசகர், சாவகச்சேரி

பதில்: பொதுமக்கள் எழுத்தில் கருத்துச் சொல்ல 30 நாள். அறிவித்தல் முதலில் வெளியான நாளிலிருந்து எண்ணுங்கள். முதலில் களஆய்வு நடந்த மாதங்களைத் தேடுங்கள். ஆனி, ஆடியில் மட்டும் பார்த்திருந்தால் மாரி வெள்ளமும் வாடையோடு வரும் பூநாரைகளும் அறிக்கையில் இரா. அடுத்து, வரைபடத்தில் மீன்பிடிக்கச் சிறகுவலையும் களங்கட்டியும் போடும் இடங்கள் குறிக்கப்பட்டுள்ளனவா என்று மீனவர் சங்கத்தோடு உட்கார்ந்து பாருங்கள். "சூழலுக்குக் கேடு" என்று பொதுவாக எழுதினால் பதிலும் பொதுவாகவே வரும். "இந்தப் பக்கம், இந்த வரைபடம், இந்த ஓடை விடுபட்டுள்ளது" என்று எழுதினால் அதற்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

கேள்வி: ஆட்டுக்குக் கண்ணாக் குழை வெட்டலாமா? – வாசகர், மண்டைதீவு

பதில்: வேண்டாம். அரச காணியிலுள்ள கண்டலை வெட்டுவது வனச் சட்டத்தில் குற்றம். வேலியோரம் கிளுவையும் பூவரசும் கதியாலாக நடுங்கள், குழை வீட்டிலேயே கிடைக்கும்.