போவிஸ் கோட்டை யார் பணத்தில் நிற்கிறது?

கேள்வி: வேல்ஸில் இருக்கும் போவிஸ் கோட்டையை யூடியூபில் பார்த்தேன். 13-ஆம் நூற்றாண்டுக் கோட்டையை ஒரே குடும்பம் 400 வருஷமாக வீடாக வைத்துக் காப்பாற்றியிருக்கிறது. நம் ராஜ குடும்பங்களுக்கு அந்த அக்கறை ஏன் இல்லாமல் போனது? (ஒரு வாசகர், விருத்தாசலம்)

பதில்: அக்கறை மட்டும் இருந்தால் கோட்டை நிற்காது, பணம் வேண்டும். அந்தப் பணம் எங்கிருந்து போனது என்று அந்த வீடியோவில் சொல்லியிருந்தால் நீங்கள் வேறு கேள்வி கேட்டிருப்பீர்கள்.

முதலில், ஒரே குடும்பம் என்பதே சரியில்லை. கோட்டையைக் கட்டியவர் கிரிஃபித் அப் க்வென்வின்வின் என்ற வேல்ஸ் சிற்றரசர். சக வேல்ஸ் இளவரசரான லிவெலினோடு பகைத்துக்கொண்டு இங்கிலாந்து பக்கம் சாய்ந்தவர். லிவெலின் 1270-களில் இந்த இடத்தை இடித்துத் தள்ள, பிறகு முதலாம் எட்வர்ட் மன்னரின் தயவில் மறுபடி கட்டினார்கள். அப்புறம் கிரிஃபித்தின் பேத்தியின் கல்யாணத்தோடு கோட்டை சார்ள்டன் குடும்பத்துக்குப் போனது. நீங்கள் சொல்லும் ஹெர்பர்ட் குடும்பம் இதை விலைக்கு வாங்கியதே 1587-இல்தான். அந்தப் பெயரும் நேர்வாரிசாக வரவில்லை. 1748-இல் ஒரு கிளை அற்றுப்போய், வேறொரு கிளைக்கு மாறியது.

சரி, வீடாக இருந்ததால் பிழைத்தது என்பது உண்மைதான். அதே எட்வர்ட் மன்னர் படைக்காகக் கட்டிய கான்வி, கர்னார்வன் கோட்டைகளில் இன்று சுவர் இருக்கிறது, கூரை இல்லை. ஆனால் போவிஸும் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பராமரிப்பில்லாமல் பாழடைந்துதான் கிடந்தது. அதைத் தூக்கி நிறுத்தியது 1784-இல் நடந்த ஒரு கல்யாணம். அந்த வீட்டுப் பெண் ஹென்ரியெட்டா ஹெர்பர்ட்டைக் கட்டிக்கொண்டவர் எட்வர்ட் கிளைவ். பிளாசிப் போர் முடிந்ததும் வங்காள நவாபாக்கப்பட்ட மிர் ஜாஃபரிடமிருந்து 2,34,000 பவுண்டு வாங்கிக்கொண்ட ராபர்ட் கிளைவின் மூத்த மகன். ஹென்ரியெட்டாவின் அண்ணன் கல்யாணமாகாமலே 1801-இல் இறந்தார். சொத்து இவர்கள் மகனுக்கு வந்தது, ஹெர்பர்ட் என்று பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு. 1807-இல் மாற்றிக்கொண்டார். உங்கள் 400 வருஷக் கணக்கில் கடைசிப் பாதி இந்தக் கிளைவ் வம்சம்தான்.

இந்த எட்வர்ட் கிளைவ் நமக்கு அந்நியர் இல்லை. 1798 முதல் 1803 வரை மதராஸ் கவர்னர். கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டபோதும், மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டபோதும் மதராஸ் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் உட்கார்ந்திருந்தது இவர்தான். நம் ராஜாஜி ஹால் இருக்கிறதே, அதுவும் திப்புவை வென்றதைக் கொண்டாட இவர் காலத்தில் எழும்பிய கட்டடம். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. அடுத்த வருஷமே ஹென்ரியெட்டா இரண்டு மகள்களோடு மதராஸிலிருந்து கிளம்பி பெங்களூர், ஸ்ரீரங்கப்பட்டணம், தஞ்சாவூர் என்று மாதக்கணக்கில் சுற்றினார். 12 வயது மகள் சார்லட் நாட்குறிப்பு எழுதினாள். பின்னாளில் இளவரசி விக்டோரியாவை வளர்க்கும் பொறுப்பு இவளிடம்தான் ஒப்படைக்கப்பட்டது.

இன்று அந்தக் கோட்டைக்குள் கிளைவ் கூடம் என்றே தனியாக இருக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்கள். திப்புவின் சிம்மாசனத்தை அலங்கரித்த பொன் புலித்தலை ஒன்று, கல் பதித்தது, அங்கேதான் இருக்கிறது. அதைவிட என்னை உறுத்துவது திப்புவின் கூடாரம். வெள்ளைப் பருத்தித் துணியில் பூஜாடிகளும் செடிகொடிகளும் சிவப்பிலும் பச்சையிலும் வரிசையாக அச்சிட்ட வேலை, எந்தக் கைகள் செய்ததோ. போரில் தோற்று உயிரைவிட்ட ஒரு மன்னனின் கூடாரத்தைத் தங்கள் தோட்டத்தில் விரித்து விருந்துக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள் அந்தக் குடும்பத்தார். இதை "காப்பாற்றினார்கள்" என்று பாராட்ட எனக்கு மனம் வரவில்லை.

இவ்வளவு பணம் வந்தும் கடைசியில் கோட்டை குடும்பத்திடம் நிற்கவில்லை என்பதையும் கவனியுங்கள். நான்காம் போவிஸ் பிரபுவின் இரண்டு மகன்களும் இரண்டு உலகப் போர்க்காலங்களில் இறந்தார்கள். 1952-இல் அவர் கண்மூடியபோது கோட்டை நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளைக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து அதன் ஓட்டையை அடைப்பது உறுப்பினர் சந்தா, நன்கொடை, பார்வையாளர் வாங்கும் டிக்கெட் போன்ற வருமானம்தான். ஆகவே நம் அரண்மனை ஒழுகினால் ராஜ குடும்பத்தின் அக்கறையைத் தேடாதீர்கள். அந்தக் கட்டடம் எந்தத் துறையிடம் இருக்கிறது, இந்த வருஷம் பராமரிப்புக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். பதில் வந்தால் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள், இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.