லாங்டாங் பயணத்துக்குப் பணம் கட்டும் முன் ராத்திரிக் கணக்கைப் பாருங்கள்

அம்மா, வணக்கம். பி.எஸ்சி. ஜியாலஜி இரண்டாம் ஆண்டு படிக்கும் மகளைக் கல்லூரிக் குழுவோடு நேபாளத்து லாங்டாங் பள்ளத்தாக்குக்கு அனுப்பலாமா, அந்தப் பணத்தை ஒரு கோச்சிங் வகுப்பில் கட்டினால் உருப்படியாக இருக்காதா என்று கேட்டிருக்கிறீர்கள். அனுப்புங்கள். ஆனால் 'பத்திரமாகக் கூட்டிப் போய்க் கூட்டி வருவோம்' என்று கல்லூரியில் சொன்னதை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள், அப்படிச் சொல்லாத ஏற்பாட்டாளர் யாரும் கிடையாது. நாள்வாரியான பயணத் திட்டத்தை எழுத்தில் வாங்குங்கள். ஒவ்வொரு ராத்திரியும் பிள்ளைகள் எந்த ஊரில், எத்தனை மீட்டர் உயரத்தில் படுக்கிறார்கள் என்று அதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

காத்மாண்டு சுமார் 1,400 மீட்டர் உயரம். அங்கிருந்து ஜீப்பில் நாள் முழுக்கக் குலுங்கிக்கொண்டு போனால் சியாப்ருபேசி வரும், அதுவும் ஏறக்குறைய அதே உயரம்தான், நம் ஊட்டியை விடத் தாழ்வு. நடை அங்கேதான் தொடங்குகிறது. முதல் நாள் லாமா ஹோட்டல் (பெயர்தான் ஹோட்டல், சில தங்குமிடங்கள் சேர்ந்த ஒரு சின்ன இடம் அது), சுமார் 2,450 மீட்டர். மறுநாள் லாங்டாங் ஊர், 3,400 மீட்டருக்கு மேல். அதற்கு அடுத்த நாள் கியாஞ்சின் கோம்பா, 3,850 மீட்டர் போல. ட்ரெக்கிங் ஏஜென்சிகள் பலவும் போடும் திட்டம் இதுதான். ஆனால் 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால் படுக்கும் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்பது மலை மருத்துவத்தில் சொல்லும் பொதுவான கணக்கு. லாமா ஹோட்டலிலிருந்து லாங்டாங் வரை ஒரே நாளில் ஆயிரம் மீட்டர் ஏறுகிறார்கள், பாருங்கள். நடுவில் கோடா தபேலா என்று ஓர் இடம் 3,000 மீட்டரை ஒட்டி இருக்கிறது. அங்கே ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போனால் ஏற்றம் இரண்டாகப் பிரிந்துவிடும். கேட்டால் ஒரு நாள் கூடும், செலவு கூடும் என்பார்கள். கூடட்டும். மேலே போய்த் தலைவலியும் வாந்தியுமாகப் படுத்துக் கிடக்கிற பிள்ளை எந்தப் பாறையைப் பார்க்கப் போகிறது?

மகள் கபடி ஆடுவாள், நல்ல தெம்பு என்று எழுதியிருக்கிறீர்கள். சந்தோஷம், நடைக்கு உதவும். உயரத்தால் வரும் நோய்க்கும் தெம்புக்கும் சம்பந்தமில்லை. சொல்லப்போனால் தெம்பான பிள்ளைகள்தான் வேகமாக ஏறி மாட்டிக்கொள்கிறார்கள், அப்புறம் கூட வருபவர்கள் கேலி செய்வார்கள் என்று தலைவலியை வெளியே சொல்வதில்லை. தலைவலி வந்தால் மறைக்கக் கூடாது, அதோடு மேலே ஏறக் கூடாது என்று அவளிடம் கண்டிப்பாகச் சொல்லி அனுப்புங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் கீழே இறக்கிவிட வேண்டும். இது கூடப் போகும் ஆசிரியருக்குத் தெரிந்திருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்னால் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள், ரத்தசோகையோடு அவ்வளவு உயரத்துக்குப் போவது வீண் வம்பு. உயரத்தால் வரும் நோயைத் தடுக்கக் கொடுக்கும் டயமாக்ஸ் மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் போட வேண்டாம், சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவள் என்றால் அதை முதலிலேயே சொல்லுங்கள்.

இன்ஷூரன்ஸ் எடுத்தாயிற்று என்று கல்லூரியில் சொல்வார்கள். பாலிசியை வாங்கிப் படியுங்கள். பல பாலிசிகளில் குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் பொறுப்பில்லை என்று பொடி எழுத்தில் இருக்கும். 4,000 மீட்டருக்கு மேலும் செல்லுமா, ஹெலிகாப்டர் மீட்புக்குப் பணம் தருவார்களா, இந்த இரண்டும் தெரிந்தால் போதும்.

காலமும் முக்கியம். அக்டோபர்-நவம்பர், இல்லையென்றால் மார்ச் கடைசியிலிருந்து மே வரை சரி. செமஸ்டர் லீவு கிடைக்கிறது என்று ஜூலையில் போட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மழைக்காலத்தில் அந்தச் சாலையில் மண்சரிவு சகஜம். 2025 ஜூலையில் அதே மாவட்டத்தில், சியாப்ருபேசிக்கு வடக்கே ரசுவாகடியில் நேபாளத்தையும் சீனாவையும் இணைத்த பாலத்தையே வெள்ளம் அடித்துக்கொண்டு போனது.

2015 நிலநடுக்கத்தைச் சொல்லிப் பயந்திருக்கிறீர்கள். நியாயமான பயம்தான். அந்த ஏப்ரல் 25 அன்று லாங்டாங் லிருங் மலைச்சரிவிலிருந்து பனியும் பாறையுமாகச் சரிந்து பழைய லாங்டாங் ஊரே புதைந்துபோனது, நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள். பூகம்பம் எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது, அதனால் அதற்கு நான் உறுதி தர மாட்டேன். ஆனால் ஜியாலஜி படிக்கும் பிள்ளை அந்தச் சரிவுக் குவியலின் மேல் நடந்து, எந்தச் சரிவிலிருந்து வந்தது, எவ்வளவு தூரம் ஓடியது, புது வீடுகளை எங்கே கட்டியிருக்கிறார்கள் என்று கண்ணால் பார்ப்பது வேறு, பாடத்தில் ஒரு பத்தியாகப் படிப்பது வேறு. கீழே சியாப்ருபேசிப் பக்கம் மெயின் சென்ட்ரல் த்ரஸ்ட் கடந்து போகிறது, இமயமலையின் பெரிய பிளவுகளில் ஒன்று. மேலே யாலா பனிப்பாறை, 1970களிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு சுருங்கிவிட்டது, 2025 மே மாதத்தில் அதற்கு அஞ்சலிக் கூட்டமே நடத்தினார்கள். அது 5,000 மீட்டருக்கு மேலே இருப்பதால் உங்கள் மகள் தூரத்திலிருந்து பார்த்தால் போதும்.

சரி, வேலைக்கு உதவுமா? வெறும் சான்றிதழ் உதவாது, அதை ஃபைலில் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். உதவப்போவது ஃபீல்டு நோட்டு. ஒவ்வொரு இடத்திலும் தேதி, நேரம், ஜிபிஎஸ் எண், உயரம், பாறையின் சாய்வும் திசையும், பக்கத்தில் பென்சிலால் ஒரு படம், என்ன புரியவில்லை என்று ஒரு வரி. இப்படி முப்பது பக்கம் அவள் கையெழுத்தில் இருந்தால், நாளை இமயமலைப் பாறைகளை ஆராயும் டேராடூன் வாடியா இன்ஸ்டிட்யூட்டிலோ ரூர்க்கி தேசிய நீரியல் நிறுவனத்திலோ கோடைக்கால இன்டர்ன்ஷிப் கேட்டு எழுதும்போது சொல்ல அவளிடம் விஷயம் இருக்கும். அதற்குப் பாறையின் சாய்வை அளக்கும் கிளினோமீட்டரைப் பிடிக்க இங்கேயே பழகியிருக்க வேண்டும், அங்கே குளிரில் கை விறைத்துக்கொண்டு கற்றுக்கொள்ள முடியாது. கல்லூரிக்குப் பக்கத்தில் ஒரு குவாரி இல்லாமலா இருக்கும், சனிக்கிழமை ஆசிரியரோடு போகச் சொல்லுங்கள்.

கோச்சிங் பற்றி: ஐஐடியில் எம்.எஸ்சி. சேர ஜாம் தேர்வு மூன்றாம் ஆண்டில்தான் எழுதுவாள். ஜியாலஜிக்கல் சர்வேயில் சேர யுபிஎஸ்சி நடத்தும் ஜியோ-சயின்டிஸ்ட் தேர்வுக்கு முதுகலை வேண்டும், அது இன்னும் தள்ளி. இப்போதே கட்டும் கோச்சிங் பணத்தால் கோச்சிங் சென்டருக்குத்தான் லாபம்.

ஒன்றை மட்டும் இந்த வாரமே செய்துவிடுங்கள். நேபாளத்துக்கு இந்தியருக்கு விசா வேண்டாம் என்பதால் ஆதார் போதும் என்று நினைத்து ஏர்போர்ட்டில் நிற்கும் பிள்ளைகள் உண்டு. அவள் வயதில் ஆதார் செல்லாது, பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். இரண்டும் இல்லையென்றால் பாஸ்போர்ட்டுக்கே விண்ணப்பியுங்கள், போலீஸ் விசாரணைக்கு வீட்டுக்கு வரும்போது அவள் ஹாஸ்டலில் இருந்தால் இழுத்துக்கொண்டே போகும், ஊருக்கு வரும் நாளைப் பார்த்துக்கொண்டு விண்ணப்பம் போடுங்கள்.