மானியக் கணக்கைக் கேட்பது எப்படி? வாசகர் கேள்வி – பதில்

ஆய்வுக்கும் ஊர்ப் பணிகளுக்கும் அரசு தரும் நிதி பற்றிச் சேலம் மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

எங்கள் ஊரில் எம்.எல்.ஏ. நிதியில் சமுதாயக் கூடம் கட்டினார்கள். அடுத்த மழைக்கே கூரை ஒழுகுகிறது. "ஏன் இப்படிக் கட்டினீர்கள், எவ்வளவு பணம் வீணானது?" என்று தகவல் உரிமைச் சட்டத்தில் (ஆர்டிஐ) மனு போட்டேன். "கோரியது தகவல் என்ற வரையறைக்குள் வராது" என்று ஒரே வரியில் பதில் வந்துவிட்டது. இனி என்ன செய்வது?
– வாசகர், ஏற்காடு

விளக்கம் கேட்டதுதான் சிக்கல். அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும் ஆவணத்தைத்தான் இந்தச் சட்டத்தில் வாங்க முடியும். காரணம் சொல்லுங்கள், கருத்துச் சொல்லுங்கள் என்று அலுவலரைக் கட்டாயப்படுத்த முடியாது. உச்ச நீதிமன்றமும் 2011-இல் சிபிஎஸ்இ வழக்கில் இதையே சொன்னது. ஆகவே கோபத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, காகிதங்களைப் பெயர் சொல்லிக் கேட்டுப் புதிய மனு போடுங்கள்: நிர்வாக அனுமதி ஆணை, தொழில்நுட்ப அனுமதி பெற்ற எஸ்டிமேட், வேலை உத்தரவு, எம்-புக் என்கிற அளவுப் புத்தகத்தில் இந்த வேலைக்குரிய பக்கங்கள், ஒப்பந்ததாரருக்குப் பணம் கொடுத்த பில், பணி நிறைவுச் சான்று.

இவற்றில் எம்-புக்தான் உயிர்நாடி. ஒவ்வொரு வேலையையும் எண்ணிக்கை, நீளம், அகலம், கனம் என்று அளந்து அதில் எழுதியிருப்பார்கள். பில் தொகை அதிலிருந்துதான் வருகிறது. உங்கள் கூடம் ஒழுகுகிறது என்பதால் முதலில் 'வெதரிங் கோர்ஸ்' என்ற ஐட்டத்தைத் தேடுங்கள். கூரைக் கான்கிரீட்டின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, அதன் மேல் தட்டோடு பதிக்கும் வேலை அது. எஸ்டிமேட்டில் அது இருந்து, எம்-புக்கிலும் அளவு ஏறி, பணமும் கொடுத்திருக்கிறார்கள், ஆனால் மாடியில் ஏறிப் பார்த்தால் வெறும் சிமென்ட் பூச்சுதான் இருக்கிறது என்றால், உங்கள் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. எஸ்டிமேட்டிலேயே அது இல்லை என்றால் தவறு ஒப்பந்ததாரருடையது அல்ல, எஸ்டிமேட் போட்ட இடத்தில் இருக்கிறது. புகார் யார் மேல் போக வேண்டும் என்பதே இதை வைத்து மாறிவிடும்.

சேலத்தில் கட்டிய கூடத்தின் தொகையோடு உங்கள் ஊர்க் கூடத்தின் தொகையை அப்படியே ஒப்பிட வேண்டாம். மலைக்கு மணலும் செங்கலும் கீழிருந்துதான் ஏறுகின்றன. அந்த வண்டிக்கூலி எஸ்டிமேட்டோடு இணைந்த 'லீட் ஸ்டேட்மென்ட்'டில் இருக்கும். அதையும் சேர்த்துக் கேளுங்கள். கூடுதல் தொகைக்கு நியாயம் இருக்கிறதா இல்லையா என்பது அங்கேதான் தெரியும்.

மனுவில் 10 ரூபாய்க்கு கோர்ட் பீஸ் ஸ்டாம்ப் ஒட்டி, ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒப்புதல் அட்டையுடன் தபாலில் அனுப்புங்கள். ஆவணம் வேறு அலுவலகத்தில் இருந்தால் 5 நாளுக்குள் அங்கே அனுப்பி வைப்பது அவர் கடமை. நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். 30 நாள் கெடு தாண்டிவிட்டால் அதையும் இலவசமாகத் தர வேண்டும். ஒரு மனுவில் ஒரு வேலையைப் பற்றி மட்டும் கேளுங்கள். "ஒன்றியத்தில் பத்தாண்டுகளாக நடந்த எல்லா வேலைகளும்" என்று கேட்டால், அலுவலக உழைப்பு அளவுக்கு மீறிப் போகும் என்று சொல்லி, கேட்ட வடிவத்தில் தராமல் விட 7(9) பிரிவு இடம் தருகிறது. கோப்பை நேரில் பார்வையிடும் உரிமையும் உங்களுக்கு உண்டு, முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. பயன்படுத்திய பொருளின் சான்றளித்த மாதிரியைக்கூட 2(ஜே) பிரிவின் கீழ் கேட்கலாம். இந்த உரிமையைப் பலரும் பயன்படுத்துவதே இல்லை.

எங்கள் கல்வி நிறுவனத்துக்கு மத்திய அரசின் ஆய்வு நிதியில் ஒரு கருவி வந்தது. பெட்டியையே பிரிக்கவில்லை. ஆனால் நிதி முழுவதும் செலவாகிவிட்டதாகச் சான்று கொடுத்துவிட்டார்கள். இது பொய்ச் சான்று ஆகாதா?
– ஆய்வு மாணவர், சேலம்

அவசரப்பட்டு அப்படிச் சொல்லிவிட முடியாது. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-இன்படி, மானியம் வாங்கிய நிறுவனம் 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழ் தருகிறது. பழைய இருப்பு, வட்டி, இந்த ஆண்டு வந்த தொகை, செலவு, மீதி ஆகியவை அதில் வரிசையாக இருக்கும். கருவிக்குப் பணம் கொடுத்த அன்றே அது செலவுக் கணக்கில் ஏறிவிடுகிறது. கருவி வேலை செய்கிறதா என்பதை அந்தக் கணக்கில் பார்க்க முடியாது. ஆகவே சான்றிதழோடு மூன்று ஆவணங்களைச் சேர்த்துக் கேளுங்கள்: சொத்துப் பதிவேட்டில் அந்தக் கருவிக்குரிய பக்கம், கருவியை நிறுவி இயக்கிக் காட்டிய அறிக்கை, பயன்பாட்டு லாக் புத்தகம். லாக் புத்தகம் காலியாக இருந்தால், கருவி பயன்படவில்லை என்று காட்ட அதுவே போதும்.

சான்றிதழில் பார்க்க வேண்டியவை வேறு. சென்ற ஆண்டின் மீதியும் இந்த ஆண்டின் தொடக்க இருப்பும் ஒன்றாக இருக்கிறதா? சப்ளையருக்குக் கொடுத்த முன்பணம் 'சரிக்கட்டப்படாத முன்பணம்' என்று தனியாக வந்திருக்கிறதா, செலவோடு கலந்துவிட்டதா? மானியத்துக்கு வந்த வட்டி அரசுக்குத் திரும்பியதா? நிதிப் பொறுப்பாளர், நிறுவனத் தலைவர் இருவருமே கையெழுத்திட்டிருக்கிறார்களா?

இங்கே பலர் தடுக்கி விழும் ஓர் இடம் உண்டு. மாநிலப் பல்கலைக்கழகத்துக்கோ அரசுக் கல்லூரிக்கோ மனு போட கோர்ட் பீஸ் ஸ்டாம்ப் செல்லும். நிதி கொடுத்த டெல்லி அலுவலகத்துக்கு அது செல்லாது. 10 ரூபாய் இந்தியன் போஸ்டல் ஆர்டர் வைக்க வேண்டும், அல்லது மத்திய அரசின் ஆர்டிஐ இணையதளத்தில் கட்ட வேண்டும். முடிந்தால் இரண்டு இடத்திலும் கேளுங்கள். ஒரே சான்றிதழின் இரண்டு நகல்களும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது நல்லது.

மனு போடுமுன் நிதி தந்த துறையின் இணையதளத்தைப் பாருங்கள். தொண்டு நிறுவனங்களுக்கும் பிற அமைப்புகளுக்கும் தரும் மானியங்களையும், மானியம் பெற்ற சட்டபூர்வ அமைப்புகளின் ஆண்டுக் கணக்கையும் இணையத்தில் வெளியிட வேண்டும் என்று மத்திய பணியாளர் துறை 15.4.2013 அன்றே வழிகாட்டுதல் தந்திருக்கிறது. அது அங்கே இல்லாவிட்டால், இல்லை என்பதையே மனுவில் சுட்டிக்காட்டி, அலுவலகம் தானாகவே வெளியிட வேண்டியவற்றைச் சொல்லும் தகவல் உரிமைச் சட்டத்தின் 4(1)(பி) பிரிவின் கீழ் வெளியிடக் கேளுங்கள்.

என் காபித் தோட்டத்தில் தண்டுத் துளைப்பான் பூச்சி பற்றி ஒரு ஆய்வுக் குழு அரசு நிதியில் சோதனை நடத்தியது. முடிவைக் கேட்டால் தர மறுக்கிறார்கள்.
– விவசாயி, ஏற்காடு வட்டம்

திட்டம் முடிந்துவிட்டதா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நடந்துகொண்டிருக்கும் ஆய்வின் வெளிவராத தரவை, அறிவுசார் சொத்து என்று 8(1)(டி) பிரிவில் மறுக்கப் பார்ப்பார்கள். சில சமயம் அதில் நியாயமும் உண்டு. முடிந்த திட்டத்துக்கு நிறைவு அறிக்கை என்று ஒன்று நிதி தந்த துறைக்குப் போயிருக்கும், அதைக் கேளுங்கள். காப்புரிமைக்குரிய பகுதி ஏதேனும் இருந்தால் அதை மட்டும் மறைத்துவிட்டு மீதியைத் தர 10-ஆம் பிரிவு வழி செய்கிறது. முழு அறிக்கையையும் மறுத்தால் மேல்முறையீட்டில் இந்தப் பிரிவைத்தான் முன்வைக்க வேண்டும்.

பிற தோட்டக்காரர்களின் பெயரையும் வீட்டு விவரத்தையும் கேட்காதீர்கள். மலையாளிப் பழங்குடிக் குடும்பங்களிடம் எடுத்த ஆய்வானால் இது இன்னும் முக்கியம். தனிநபர் விவரம் பற்றிய 8(1)(ஜே) பிரிவை 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் இறுக்கியிருக்கிறது. யார் சொன்னார் என்பது உங்களுக்குத் தேவையில்லை. பூச்சிக்கு எந்த மருந்து, எந்த மாதத்தில் வேலை செய்தது என்பதுதான் தேவை.

நாங்கள் சிறிய அறக்கட்டளை. அரசு மானியத்தில் பயிற்சி வகுப்பு நடத்துகிறோம். யாரோ எங்கள் கணக்கைக் கேட்டு மனு போட்டிருப்பதாக அரசு அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. தர மறுக்கலாமா?
– செயலாளர், வாழப்பாடி

அது தகவல் உரிமைச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு நோட்டீஸ், அதாவது மூன்றாம் தரப்பான உங்கள் கருத்தைக் கேட்பது. 10 நாளுக்குள் உங்கள் கருத்தைச் சொல்லலாம், முடிவெடுப்பது பொதுத் தகவல் அலுவலர்தான். மானியத் தொகை, செலவுத் தலைப்பு, சொத்துப் பட்டியல் ஆகியவற்றை மறைக்க வழியில்லை, மறைக்கவும் கூடாது. பயிற்சி பெற்றவர்களின் ஆதார் எண், வங்கிக் கணக்கு, கைப்பேசி எண் இருக்கும் பக்கங்களை மட்டும் நீக்கித் தரச் சொல்லி எழுதுங்கள். அந்த எதிர்ப்பு நியாயமானது, நிற்கும்.

உங்கள் வருமானத்தின் பெரும்பகுதி அரசு நிதியானால் 2(எச்) பிரிவில் நீங்களே, தகவல் தரக் கடமைப்பட்ட 'பொது அதிகார அமைப்பு' ஆகலாம். உச்ச நீதிமன்றம் 2019-இல் டிஏவி கல்லூரி அறக்கட்டளை வழக்கில் தொண்டு நிறுவனங்களும் அதில் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. ஓர் ஆண்டில் வந்த மானியம் 25 லட்சத்துக்குக் குறையாமலும், மொத்தச் செலவில் 75 சதவீதத்துக்குக் குறையாமலும் இருந்தால் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் தணிக்கையும் வரும். மானியத்துக்குத் தனி வங்கிக் கணக்கு, வாங்கிய நாளிலேயே சொத்துப் பதிவு, ஒவ்வொரு பில்லின் மேலும் ஒப்புதல் ஆணை எண். இந்த மூன்றையும் இன்றே தொடங்கிவிடுங்கள்.

கோப்பைக் காணவில்லை என்று பதில் வந்தால்?
– வாசகர், ஆத்தூர்

தகவலை மறுக்க 8, 9-ஆம் பிரிவுகள் சொல்லும் காரணங்களில் அது இல்லை. பதில் கைக்கு வந்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். தமிழ்நாட்டில் இதற்குக் கட்டணம் கிடையாது. கோப்பு கடைசியாக யாரிடம் இருந்தது என்பதற்கு நகர்வுப் பதிவேட்டின் நகலைக் கேளுங்கள், கோப்பைத் தேடி விசாரிக்கவும் கேளுங்கள். கோப்பு காணாமல் போனால் விசாரித்துப் பொறுப்பை நிர்ணயிக்கலாம் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2013-இல் சொல்லியிருக்கிறது. கூடவே, நிதி ஒதுக்கிய மேல் அலுவலகத்துக்குத் தனி மனு போடுங்கள். ஒப்புதல் ஆணையின் அலுவலக நகல் அங்கே இருக்கும். முதல் மேல்முறையீட்டிலும் தீரவில்லை என்றால், அந்த முடிவு வந்த 90 நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்குப் போகலாம். தபால் ஒப்புதல் அட்டைகளை அதுவரை பத்திரமாக வைத்திருங்கள். கெடு தாண்டியதை நிரூபிக்க அவைதான் சாட்சி.