பதில்: மொட்டை மாடி நெல் தொட்டி, உரம் போட்டும் தூர் கட்டல

ப்ரோ, மடிப்பாக்கம் மாடில நெல் தொட்டிக்கு பாதிக்குப் பாதி கனுமா மண் கலந்தேன், சூப்பர் பாஸ்பேட் ரெண்டு தடவை போட்டும் பயிர் குட்டையா கரும்பச்சையா தூர் கட்டாம நிக்குது, தொட்டித் தண்ணி மேல எண்ணெய் மாதிரி படலம் வேற மிதக்குதுன்னு கேட்டிருந்தீங்க. பாஸ்பரஸ் பத்தாத அறிகுறி மாதிரிதான் இருக்கு, ஆனா உரம் கம்மியில்ல, மண்ணு புடிச்சு வச்சுக்குது. கனுமா ஜப்பான் எரிமலை நுரைக்கல் மக்கி வந்தது, அதுல அலோபேன்னு அலுமினியம் சிலிக்கா சேர்ந்த களிமண் இருக்கு, பாஸ்பேட் அந்த அலுமினியத்துல ஒட்டிக்கிட்டா லேசுல விடாது. நம்ம வயல் மண்ணுல தண்ணி நின்னா ஆக்ஸிஜன் தீர்ந்து கரையாத ஃபெரிக் இரும்பு கரையுற ஃபெரஸா மாறும், அதோட இருந்த பாஸ்பேட்டும் கழண்டு வேருக்கு வரும், அலுமினியம் அப்படி மாறாது, அதான் சிக்கல். ஆன்லைன்ல எரிமலை மண்ணுன்னாலே வளம்னு விக்கிறாங்க, போன்சாய்க்கு ஓகே, நெல்லுக்கு எதுக்குங்க?

இப்போதைக்கு உரத்த மேல தூவாதீங்க, சேத்து உருண்டைக்குள்ள வச்சு வேர்கிட்ட புதைங்க. அடுத்த நடவுக்கு செங்கல்பட்டு பக்கம் வயல் மண் கிடைச்சா அதுவே போதும், கனுமாவே போடணும்னா நாத்து வேரை சூப்பர் பாஸ்பேட் கரைச்ச சேத்துல முக்கி நடுங்க.

அந்த எண்ணெய் மாதிரி படலத்த குச்சியால தொட்டுப் பாருங்க, சில்லு சில்லா உடைஞ்சு அப்படியே நின்னா இரும்புதான், மறுபடி கூடினாதான் நிஜ எண்ணெய்.