மிக்சரில் பச்சை விளக்குதான் எரிகிறது, பதிவு மட்டும் ஏன் கரகரக்கிறது?

நீங்கள் கேட்டிருப்பது இது: மிக்சரில் சிவப்பு விளக்கு எரிவதே இல்லை, மண்டபத்து ஸ்பீக்கரில் குரல் சுத்தமாக இருக்கிறது, ஆனால் மடிக்கணினியில் பதிவானதைக் கேட்டால் கரகரவென்று உடைகிறது. விண்டோசில் பதிவு அளவைக் குறைத்தால் அதே கரகரப்பு சன்னமாகக் கேட்கிறது, அவ்வளவுதான். சவுண்ட் கார்டு போய்விட்டதா, புதிது வாங்கலாமா?

அவசரப்பட்டு வாங்காதீர்கள். நான் வாங்கி ஏமாந்தவன்.

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்துக் கோயிலில் சனிக்கிழமை மாலை திருமுறை வகுப்பு நடக்கும். போட்டிக்குப் போகும் பிள்ளைகள் பாடுவதைப் பதிந்து, வீட்டில் கேட்டுப் பழகட்டும் என்று பெற்றோருக்கு அனுப்புவது என் பொறுப்பு. திருவிழாவுக்கு வாங்கிய எட்டுச் சேனல் மிக்சர் கோயிலில் இருந்தது, என்னிடம் மடிக்கணினி இருந்தது. நடுவில் ஒரு வயர் போட்டால் முடிந்தது என்று நினைத்தேன். வந்தது உங்களுக்கு வந்த அதே கரகரப்பு. கணினியில்தான் கோளாறு என்று டவுனுக்குப் போய், கட்டைவிரல் அளவில் ஒரு யூஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்கி வந்தேன். அதிலும் மாறவில்லை. ஏனென்றால் அதில் இருந்ததும் மைக் ஓட்டைதான்.

மைக் ஓட்டை எதிர்பார்ப்பது சில மில்லிவோல்ட். மிக்சரின் மெயின் அவுட்டில் விளக்கு 0-ஐத் தொடும்போது, வழக்கமான +4 டிபியு (ஒலிக் கருவிகளின் வோல்ட்டேஜ் அளவு) கணக்கில் 1,200 மில்லிவோல்ட்டுக்கு மேல் வந்துகொண்டிருக்கும். செம்பனைக் குலை ஏற்றிய லோரியை லயத்துச் சந்துக்குள் ஓட்டுகிற கதைதான். போதாததற்கு விண்டோசில் ‘மைக்ரோபோன் பூஸ்ட்’ என்று ஒன்று 20 டெசிபலிலோ 30 டெசிபலிலோ உட்கார்ந்திருக்கும். 20 டெசிபல் என்றால் வோல்ட்டேஜ் பத்து மடங்கு, 30 என்றால் ஏறக்குறைய 32 மடங்கு. முதல் வேலையாக அதை 0-க்கு இறக்குங்கள்.

அப்புறம் ஒரு சின்னச் சோதனை. பத்து நொடி பதிந்து, ஆடாசிட்டி என்கிற ஒலிப்பதிவு மென்பொருளில் அலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். மலை மலையாக வர வேண்டிய உச்சிகள் கத்தியால் சீவியது போலத் தட்டையாக இருக்கும். எந்த உயரத்தில் சீவியிருக்கிறது என்பதுதான் விஷயம். கட்டத்தின் உச்சியிலேயே முட்டி நின்றால் பதிவு அளவு அதிகம், ஸ்லைடரைக் குறைத்தாலே சரியாகலாம். பாதி உயரத்தில் சீவியிருந்தால், அந்த ஸ்லைடருக்கு வருவதற்கு முன்பே ஒலி உடைந்துவிட்டது. உடைந்ததைச் சின்னதாக்கலாம், ஒட்ட முடியாது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்களுடையது இரண்டாவது வகை.

மேசைக் கணினியாக இருந்தால் பின்பக்கம் இளநீல ஓட்டை இருக்கிறதா பாருங்கள். அதுதான் லைன் இன், மிக்சர் மாதிரிக் கருவிகளின் பெரிய ஒலியை வாங்குகிற ஓட்டை. இளஞ்சிவப்பு மைக், பச்சை ஸ்பீக்கருக்கு. மடிக்கணினியில் பெரும்பாலும் ஒரே ஓட்டை, கைப்பேசி ஹெட்செட்டுக்காக வைத்தது. அதன் மைக் பக்கம் மோனோ, அதாவது இடது வலது பிரியாத ஒரே ஒலி. அதோடு சண்டை போடாமல், ‘லைன் இன்’ என்று தெளிவாக எழுதியிருக்கிற யூஎஸ்பி ஆடியோ இன்டர்பேசாகப் பார்த்து வாங்கினால் நிம்மதி. மிக்சரிலேயே யூஎஸ்பி இருந்தால், அது கணினிக்கு ஒலி அனுப்புகிற வகையா என்று பாருங்கள். சிலவற்றில் அந்த ஓட்டை பென்டிரைவில் பாட்டுப் போட மட்டும்தான்.

மிக்சர் பக்கம் மெயின் அவுட்டை விட்டுவிட்டு ‘டேப் அவுட்’ அல்லது ‘ரெக் அவுட்’ என்று சிவப்பும் வெள்ளையுமாக ஆர்சிஏ ஓட்டைகள் இருக்கிறதா தேடுங்கள். வழக்கமாக அது −10 டிபிவி (இதுவும் வோல்ட்டேஜ் அளவுதான்), அதாவது 316 மில்லிவோல்ட். மெயினைவிட 12 டெசிபல் அளவுக்குக் குறைவு. லைன் இன்னுக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கும். மைக் ஓட்டைக்கு அதுவும் அதிகம்தான்.

நான் அடுத்து மாட்டிக்கொண்ட இடம் வயர். லைன் இன் உள்ள இன்டர்பேஸ் வந்தது, கரகரப்பு போனது, ஹெட்போனில் கேட்டால் அருமை. சந்தோஷமாக ஒரு பையனின் பதிகத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அரை மணி நேரத்தில் அவன் அம்மா கூப்பிட்டார். “தம்பி, நீங்க அனுப்புனதுல பாட்டே இல்லையே, ஏதோ காத்தடிக்கிற மாதிரி மட்டும் இருக்கு.” என்னிடம் நன்றாகக் கேட்கிறதே என்று மறுபடியும் அனுப்பினேன். மறுபடியும் காற்றுதான். மறுநாள் அவர் போனை வாங்கிக் கேட்டபோதுதான் எனக்கே நம்பிக்கை வந்தது. ஒரே ஸ்பீக்கர் உள்ள பழைய போன்.

நடந்தது இதுதான். வயரின் முனையைப் பாருங்கள்: ஒரு கறுப்பு வளையம் இருந்தால் மோனோ, இரண்டு இருந்தால் ஸ்டீரியோ அல்லது பேலன்ஸ்டு. நான் மெயின் அவுட்டின் இடது ஓட்டையிலிருந்து இரண்டு முனையிலும் இரண்டு வளையம் உள்ள வயரைப் போட்டிருந்தேன். பேலன்ஸ்டு அவுட் ஒரே ஒலியை நேராக ஒன்று, தலைகீழாக ஒன்று என்று அனுப்பும். ஸ்டீரியோ லைன் இன் அதை இடது, வலது என்று எடுத்துக்கொண்டது. ஹெட்போனில் குரல் நடுவில் நிற்காமல் இரண்டு காதுக்கும் வெளியே பரவிக் கேட்கும். நான் அதைத்தான் ‘அருமை’ என்று நினைத்திருக்கிறேன்! ஒரே ஸ்பீக்கரில் இரண்டையும் கூட்டினால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். ஆடாசிட்டியில் பார்த்தால் இடதில் மேடு வருகிற இடத்தில் வலதில் பள்ளம் இருக்கும். பதிந்தது வீண் இல்லை. ஸ்டீரியோவை இரண்டு மோனோவாகப் பிரித்து ஒன்றை அழித்துவிட்டால் பாட்டு திரும்பி வந்துவிடும். இனிமேலுக்கு ரெக் அவுட்டின் இரண்டு ஆர்சிஏவிலிருந்து ஒரு சின்ன ஸ்டீரியோ முனைக்குப் போகிற ஒய் வயரைப் போடுங்கள்.

அளவு வைப்பது சுலபம். சேனலின் பிஎஃப்எல் பொத்தானை (அந்தச் சேனலின் அளவை மட்டும் விளக்கில் காட்டுவது) அழுத்தி, பாடுகிறவரை உச்சஸ்தாயியில் பாடச் சொல்லி, விளக்கு 0-க்கு அருகில் வரும்வரை கெயினை, அதாவது மைக் ஒலியைப் பெருக்குகிற குமிழைத் திருகுங்கள். சேனல் பேடரும் மெயின் பேடரும் (மேலும் கீழும் தள்ளுகிற அளவுக் கட்டைகள்) 0 கோட்டில். அதன் பிறகு கணினியில் உச்சம் −12 டெசிபலுக்கும் −6 டெசிபலுக்கும் நடுவில் இருக்கும்படி வையுங்கள். பிள்ளைகள் ஒத்திகையில் முணுமுணுப்பார்கள், தாத்தா பாட்டி வந்து முன்னால் உட்கார்ந்ததும் கத்துவார்கள், அதற்கு இடம் வேண்டும். மிக்சரில் 0 தாண்டினாலும் இன்னும் கொஞ்சம் தாங்கும். கணினியில் 0 என்றால் சுவர்.

உறுமி மேளம் பதிகிறீர்கள் என்றால் வேறு சிக்கல். மேளம் மண்டபத்தில் தானாகவே அதிர்வதால் யாரும் அதை மிக்சரில் ஏற்ற மாட்டார்கள், பதிவில் பாட்டு மட்டும் தனியாக நிற்கும். மேளத்துக்கு ஒரு மைக் வைத்து, ஆக்ஸ் அவுட்டைப் பிரீ பேடரில் (சேனல் பேடரை அசைத்தாலும் மாறாதபடி) வைத்துப் பதிவுக்கென்று தனிக் கலவை அனுப்புங்கள்.

விண்டோசில் ஒலி மேம்பாடு, இரைச்சல் நீக்கம் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். எங்கள் சுருதிப்பெட்டியின் ரீங்காரத்தை இரைச்சல் என்று நினைத்து அது துடைத்துக்கொண்டே இருந்தது, பையன் சுருதி இல்லாமல் பாடியது போல ஆகிவிட்டது.

இதற்கெல்லாம் பிறகும் ‘உம்ம்ம்’ என்று அடியில் ஓர் இரைச்சல் இருந்தால், மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டு ஒருமுறை பதிந்து பாருங்கள். நின்றுவிட்டால் அது எர்த் வழியாக வருவது. அன்றைக்கு பேட்டரியிலேயே ஓட்டுங்கள், அல்லது மிக்சருக்கும் கணினிக்கும் நடுவில், ஆடியோ வயரில் ஒரு ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் போடுங்கள். பிளக்கின் எர்த் காலை மட்டும் யார் சொன்னாலும் கழற்றிவிடாதீர்கள், மைக்கைப் பிடிக்கப்போவது பிள்ளைகள்.

உங்கள் வயர் எந்த ஓட்டையிலிருந்து எந்த ஓட்டைக்குப் போகிறது, முனையில் எத்தனை வளையம் என்று எழுதுங்கள். அலையின் படமும் இருந்தால் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.